முழுநிலவு இரவில் எந்தக் கருவிக்குக் கண் தெரிந்தது?

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் விளக்கலங்காரத்துக்குக் கீழே கூட்டம். இரவு 9.17 மணிக்கு, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட காமா கதிர் வெடிப்பு ஒன்று பூமியை எட்டியது. அதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமானது அதுதான். அந்த நேரத்தில் அது இருந்த திசை சிங்கப்பூரின் வடமேற்கு வானில், நல்ல உயரத்தில். ஆனாலும் தேக்காவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காமா கதிர் என்பது கண்ணுக்குத் தெரியாத, மிக உயர்ந்த ஆற்றலுள்ள ஒளி; காற்று மண்டலம் அதைத் தரைக்கு விடுவதே இல்லை.

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: “மாமா, காமா கதிரைப் பார்க்க எந்தக் கருவி நல்லது?” அந்த ஓர் இரவை வைத்தே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், காற்றுக்கு மேலேயே போய்விடும் வழி. 2008 ஜூனில் ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோள் அந்த ரகம். காமா கதிரைக் கண்ணாடி வைத்துக் குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் ஃபெர்மியின் முதன்மைக் கருவிக்குள் டங்ஸ்டன் தகடுகளை அடுக்கியிருக்கிறார்கள். கதிர் தகட்டில் மோதி எலக்ட்ரான், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் என்ற ஜோடியாக மாறும். இடையிலுள்ள சிலிக்கான் பட்டைகள் அந்த ஜோடி போன பாதையைக் காட்டும், அடியிலுள்ள சீசியம் அயோடைடு படிகங்கள் ஆற்றலை அளக்கும். வானத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே நேரத்தில் பார்க்கும், மூன்று மணி நேரத்தில் முழு வானத்தையும் சுற்றி வந்துவிடும். பகலும் நிலவும் அதற்குத் தடையில்லை.

அதன் குறை, அளவு சிறியது என்பதுதான். கதிரைப் பிடிக்கும் பரப்பு சுமார் ஒரு சதுர மீட்டர். ரிஷப மண்டலத்தில், வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலா காமா வானத்தில் பேர்போன விளக்கு. அதிலிருந்தே 1 டெரா (லட்சம் கோடி) எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேற்பட்ட கதிர்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஆறேழுதான் வரும். அவ்வளவு உயர்ந்த ஆற்றலுக்கு ஃபெர்மி போதாது. அக்டோபர் 9 அன்று எதிர்ப்பக்கச் சிக்கலும் வந்தது: குறைந்த ஆற்றல் கதிர்கள் வெள்ளமாகப் பாய்ந்ததில், உச்ச நிமிடங்களில் அதன் கருவிகள் திணறிவிட்டன.

இரண்டாவது வழி எனக்கு மனதளவில் மிகவும் பிடித்தது. காற்று கதிரைத் தடுக்கிறதா, சரி, அந்தக் காற்றையே கருவியாக்கிவிடு என்கிறது அது. உயர் ஆற்றல் கதிர் ஒன்று மேல்வளியில் மோதினால் துகள்கள் மழையாகச் சிதறும், கூடவே சில நானோ வினாடிகள் மட்டும் நீலநிறச் செரென்கோவ் ஒளி மின்னும். தரையில் 100 மீட்டருக்கு மேல் ஆரமுள்ள வட்டத்தில் அது விழும். அதற்குள் எங்கே தொலைநோக்கி இருந்தாலும் பிடித்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் இங்கே லட்சம் சதுர மீட்டராகிவிடுகிறது, நண்டு நெபுலாவின் ஆறேழு கதிர்களுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள மேஜிக், நமீபியாவின் ஹெஸ், லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் குறுக்களவுள்ள மேஸ் எல்லாம் இந்த வகை. படத்தின் கூர்மையில் இவைதான் முன்னணி.

2019 ஜனவரி 14 அன்று வேறொரு வெடிப்புக்குச் செயற்கைக்கோள்கள் எச்சரிக்கை அனுப்பின. 64 டன் எடையுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி அதைப் பிடித்தன. அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் இருட்டும் மேகமற்ற வானமும் கட்டாயம் வேண்டும், ஒரே நேரத்தில் பார்க்கும் அகலமும் சில பாகைதான். 2022இல் வெடிப்பு வந்தபோது லா பால்மாவிலும் நமீபியாவிலும் பட்டப்பகல். இரவு வந்ததும் முழுநிலவு. ஹெஸ் பார்க்கத் தொடங்கியது 53 மணி நேரம் கழித்து.

மூன்றாவது வழி, மலைமேல் போய்த் துகள் மழையிலேயே நேராக நனைவது. மெக்சிகோவில் 4,100 மீட்டர் உயரத்தில் ஹாக் என்ற ஆய்வகம் 300 தண்ணீர்த் தொட்டிகளை வைத்திருக்கிறது. நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் உச்சியிலுள்ள தொட்டிகளைப் பரந்த மைதானத்தில் வரிசையாக இறக்கிவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். துகள் தண்ணீருக்குள் பாயும்போது மின்னும் ஒளியை உள்ளேயிருக்கும் உணர்கருவிகள் பதிவு செய்யும். வெயிலோ நிலவோ மழையோ பொருட்டில்லை. சீனாவின் சிச்சுவானில் 4,410 மீட்டர் உயரத்திலுள்ள லாசோவும் இப்படித்தான், ஆனால் இன்னும் பெரியது. அந்த ஞாயிறு இரவு அது அந்த ஒரே வெடிப்பிலிருந்து 60,000க்கும் மேற்பட்ட காமா ஒளித்துகள்களை எண்ணியது.

இவ்வழியின் தலைவலி, விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களான அண்டக் கதிர்கள். அவையும் இதேபோன்ற துகள் மழையைப் பொழியும், எண்ணிக்கையிலும் மிக அதிகம். இதற்கு நல்ல மருந்து ஊட்டியில் இருக்கிறது. அங்கே கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் மியூவான் என்ற, எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகளை எண்ண 560 சதுர மீட்டர் உணர்கருவி உண்டு. துகள் மழையில் மியூவான் அதிகமென்றால் அண்டக் கதிர், மிகக் குறைவென்றால் காமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். (2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை அளந்ததும் இதே கருவிதான்.)

எதிர்பாராததைப் பிடிக்க ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் என் வாக்கு லாசோ வகைக்கு. எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் மேஜிக், ஹெஸ் வகைக்கு.

ஆனால் அக்கா மகள் கேட்டது சிங்கப்பூரிலிருந்து. இங்கே உச்சியான புக்கிட் தீமா வெறும் 163 மீட்டர், துகள் மழையில் பெரும்பகுதி அதற்கு வெகு மேலேயே அடங்கிவிடும். இரவெல்லாம் விளக்கு, ஆண்டு முழுவதும் மேகம். வெள்ளிக்கிழமை இரவு ஜூரோங்கில் வான் பார்க்கப் போய், சனியைக்கூடக் காணாமல் திரும்பியிருக்கிறோம்.

அதனால் அவளுக்கு நான் சொன்னது ஃபெர்மி. 2009இலிருந்து அதன் தரவுகள் எல்லாருக்கும் இலவசம், அலசும் மென்பொருளும் அப்படியே. ஒரு மடிக்கணினி போதும். முதலில், வேகமாகச் சுழன்று துடிக்கும் விண்மீன் எச்சமான வேலா பல்சரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்: ஃபெர்மி வானத்தில் நிலையாக ஒளிர்பவற்றில் அதுவே மிகப் பிரகாசம், வினாடிக்குப் பதினொரு முறை சுழல்கிறது. அந்தத் துடிப்பு தரவில் தெரிகிறதா என்று பார்க்க இந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறாள்.