மோட்டார்ஹோமின் சாமான் அறை கொதிக்கிறதா? துளை, விசிறி, தகடு: எது எந்தச் சூட்டுக்கு?

ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு என் மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கி வசிக்கும் வண்டியை, நிறுத்திப் பக்கவாட்டுச் சாமான் அறையைத் திறந்தேன். அனல் முகத்தில் வந்து மோதியது. அவசரத்துக்கென்று வைத்திருந்த நான்கு மெழுகுவர்த்திகள் வில்லாக வளைந்து பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்தன. பக்கத்திலிருந்த சீலன்ட் குழாய் பின்புறம் பிதுங்கி வழிந்திருந்தது. அதே அறையின் மேல் மூலையில்தான் இன்வெர்ட்டரும் மாட்டியிருக்கிறது. மெழுகு போனால் போகட்டும்; இன்வெர்ட்டர் இந்தச் சூட்டில் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலை அன்றே பிடித்துக்கொண்டது.

மறுநாளே ஒரு விசிறி வாங்கிப் பொருத்தினேன். அடுத்த நீண்ட ஓட்டத்தில் அறை கொஞ்சம்தான் இறங்கியது. விசிறியில் குறை இல்லை, சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பொருத்தியதுதான் தவறு. ஆகவே துளை நல்லதா, விசிறி நல்லதா என்று ஒப்பிடும் முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு வெப்பமானியை அறைக்குள் தொங்கவிட்டு மூன்று வேளைகளில் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டி வெறுமனே வெயிலில் நிற்கும்போது, நீண்ட ஓட்டம் முடிந்த கையோடு, வெயில் தாழ்ந்தபின் இன்வெர்ட்டர் நல்ல பளுவில் ஓடும்போது. ஒவ்வொரு முறையும் அறையின் தரை, வெளிச்சுவர், கூரை மூன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் தரை சுட்டால், அடியில் போகும் புகைக்குழாயோ சைலன்சரோதான் காரணம். வெளிச்சுவர் சுட்டால் வெயில். இரண்டும் தணிந்திருக்க மேல்பகுதிக் காற்று மட்டும் கொதித்தால், உள்ளே இருக்கும் மின்சாதனம். என் வண்டியில் தரையில் கையை இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். காற்றோட்டம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அறை வெளிக்காற்றைவிடக் குளிராது. வெளியே 38 டிகிரி என்றால் 38-ஐ நெருங்குவதுதான் உச்சபட்ச வெற்றி.

விசிறியில்லாத துளைகள்

கீழே ஒரு கிரில், மேலே ஒரு கிரில். சூடான காற்று மேலே வெளியேற, கீழிருந்து புதுக்காற்று ஏறும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சாமான் அறை உயரமில்லாதது. மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் அரை மீட்டர் இடைவெளி, உள்ளேயும் வெளியேயும் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், காற்றைத் தள்ளும் அழுத்தம் சுமார் 0.4 பாஸ்கல்தான். ஒரு சாதாரணக் கணினி விசிறி 15 பாஸ்கல் வரை தள்ளும்.

இதை வெப்பமாக மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். 90 சதவீதத் திறனுள்ள இன்வெர்ட்டர் 1000 வாட் கொடுக்கும்போது சுமார் 110 வாட்டைச் சூடாகக் கொட்டுகிறது. சுவர் வழியே கசியும் சூட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தடையற்ற திறப்பு மேலும் கீழும் இருக்கும் அறை, வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 25 டிகிரி மேலே போய்த்தான் நிலைக்கும். பூச்சி வலை போட்டால் திறப்பின் பயன் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே கிரில்லின் வெளி அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம், காற்று புகும் இடைவெளியை மட்டும் அளக்க வேண்டும்.

இருந்தாலும் துளைகளை நான் ஒதுக்கவில்லை. வெயிலில் நிற்கும் வண்டியில், உள்ளே சாதனம் ஏதும் இல்லாத அறைக்கு இவை போதும். ஒற்றைத் துளை போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இரண்டாவதையும் போட்டுப் பார்க்க வேண்டும். நுழைய வழியில்லாமல் காற்று வெளியேறாது. பின்சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் துளை வேண்டாம். சக்கரம் வாரி இறைக்கும் சேறும் புழுதியும் நேரே உள்ளே வரும். கிரில்லின் பட்டைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நிற்கும்போது மழை உள்ளே வராது. ஓடும்போது சக்கரம் தெறிக்கும் நீரை அவை முழுமையாகத் தடுக்காது.

வெளியே இழுக்கும் விசிறி

பெரும்பாலோர் முதலில் நாடுவது இதைத்தான், நானும் அப்படித்தான். 12 வோல்ட்டில் ஓடும் 120 மில்லிமீட்டர் கணினி விசிறி, அட்டையில் போட்டிருக்கும் கணக்கில் மணிக்கு 85 முதல் 100 கனமீட்டர் தள்ளும். வலையும் கிரில்லும் சேர்ந்தபின் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அந்தப் பாதியே போதும்: அதே 110 வாட்டுக்கு அறை வெளிக்காற்றைவிட ஏழெட்டு டிகிரி மட்டும் கூடும். துளைகளுடன் 25, விசிறியுடன் 8. வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில் இது 63-க்கும் 46-க்கும் உள்ள வேறுபாடு. பல இன்வெர்ட்டர்கள் 40 டிகிரியைத் தாண்டினால் தாமாகவே திறனைக் குறைத்துக்கொள்பவை என்பதால், இங்கே ஒவ்வொரு டிகிரியும் பெறுமதியுள்ளது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. விசிறி வெளியே இழுக்கும்போது அறைக்குள் அழுத்தம் குறைகிறது. எந்தச் சந்து கிடைத்தாலும் அதன் வழியே காற்று உள்ளே பாயும். கதவின் தேய்ந்த ரப்பர் வழியாகப் புழுதி வரும். தரையில் கம்பி போகும் ஓட்டை வழியாக, அடியில் தேங்கும் என்ஜின் புகையும் வரலாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, மணமும் நிறமும் இல்லாதது. அறைக்கும் மேலே நாம் தூங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கம்பித் துளை திறந்திருந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை நினைத்துப் பாருங்கள். வெளியே இழுக்கும் விசிறி போடுவதானால், முதலில் எல்லாச் சந்துகளையும் அடைத்துவிட்டு, காற்று நுழைய ஒரே ஒரு வழியை நீங்களே தீர்மானித்துக் கொடுங்கள்.

உள்ளே தள்ளும் விசிறி

விசிறியைத் திருப்பி, கீழ்த் துளையில் பஞ்சு வடிகட்டியோடு பொருத்தி, காற்றை உள்ளே தள்ளச் செய்தால் கதையே மாறிவிடுகிறது. அறைக்குள் அழுத்தம் சற்று கூடுவதால் சந்துகளின் வழியே காற்று வெளியேறும், புழுதி உள்ளே வராது. விசிறி குளிர்ந்த காற்றில் சுற்றுவதால் அதன் ஆயுளும் நீளும். இன்வெர்ட்டரை நோக்கி நேராக ஊதவைக்கவும் முடியும். மின்சாதனம் இருக்கும் அறைக்கு என் தேர்வு இதுதான், தயக்கமே இல்லை.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். அடைபட்ட பஞ்சு இருக்கும் விசிறி, இல்லாத விசிறிக்குச் சமம். காற்று எடுக்கும் இடம் புகைக்குழாயின் வாயிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். திரவ ஆசிட் பேட்டரி அதே அறையில் இருந்தால் இந்த முறை ஆகாது. சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும் வாயு அது. அதை அழுத்தம் கொடுத்து வசிக்கும் பகுதிக்குள் தள்ளிவிடக் கூடாது. அந்தப் பேட்டரிக்கு மூடிய தனிப் பெட்டியும், அதன் உச்சியிலிருந்து வெளியே போகும் குழாயும் வேண்டும்.

சூரிய ஒளியில் தானே ஓடும் சிறு விசிறிகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வெயில் சூட்டுக்கு ஓரளவு சரி. இரவில் இன்வெர்ட்டர் ஓடும்போது அவை தூங்கிக்கொண்டிருக்கும்.

தகடும் இடைவெளியும்

என் வண்டிக்கு மருந்து இதுதான். சைலன்சரிலிருந்து தரைக்கு வருவது பெரும்பாலும் கதிர்வீச்சாக வரும் சூடு. அது தரையைச் சுட வைக்கிறது, சுட்ட தரை உள்ளே இருக்கும் காற்றையும் பொருளையும் சுட வைக்கிறது. விசிறி காற்றை மாற்றும். தரைமீது உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அதனால் என்ன பயன்? பளபளப்பான அலுமினியத் தகடு தன்மேல் விழும் கதிர்வீச்சில் ஏறக்குறைய 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதைத் தரையோடு ஒட்டாமல், குறுகிய உலோகக் குழாய்த் துண்டுகளை இடையில் கொடுத்து, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் திருகினேன். அந்த இடைவெளியில் ஓடும் காற்றுதான் தகட்டைக் குளிர வைக்கிறது. ஒட்டிவிட்டால் தகடே அடுப்பாகிவிடும்.

அடுத்த நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தரையில் கையை வைத்தபடி நின்றுகொண்டே இருக்க முடிந்தது. வீட்டுக் கூரைக்குப் போடும் சாதாரண நுரை அட்டையைப் புகைக்குழாய் அருகே ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அது எரியும் பொருள். வெயில் படும் வெளிச்சுவருக்கு உட்புறம் நுரை அட்டை நன்றாக உதவும். ஆனால் இன்வெர்ட்டர் இருக்கும் அறையை நுரையால் போர்த்திவிட்டு விசிறி வைக்காமல் விட்டால் உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் போகும்.

விசிறியை யார் இயக்குவது

கையால் போடும் சுவிட்ச் மறந்துபோகும். என்ஜின் சாவியோடு இணைத்தால் நிறுத்தியபின் ஓடாது; தரைச்சூடு உச்சத்துக்கு ஏறுவதோ வண்டி நின்ற பிறகுதான். 40 டிகிரியில் விசிறியைத் தானே ஓடவைக்கும் சிறிய பைமெட்டல் தெர்மோஸ்டாட்டை (சூட்டில் வளையும் இரட்டை உலோகச் சுவிட்ச்) அறையின் மேல்பகுதியில் வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. நாள் முழுக்க ஓடினாலும் 0.2 ஆம்பியர் விசிறி பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர்-மணிக்கும் (Ah) குறைவாகத்தான் எடுக்கும். கம்பியில் ஒரு சிறு ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும்.

எரிவாயு உருளை இருக்கும் அறைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். அந்த அறையின் தரைமட்டத் துளைகளை அடைக்கவும் கூடாது, உள்ளே விசிறியோ சுவிட்சோ வைக்கவும் கூடாது. ஜெனரேட்டர் அறையையும் எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டியின் பின்புறத்தையும் அவற்றைச் செய்தவர்கள் கொடுத்த காற்று வழியோடு அப்படியே விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு மெல்லிய காகிதப் பட்டையை மேல் துளையருகே பிடித்துப் பாருங்கள். வெளிநோக்கிப் பறந்தால் சரி. பிறகு கதவின் விளிம்பு நெடுக அதை நகர்த்துங்கள். எந்த இடத்தில் படபடக்கிறதோ அங்கே ரப்பர் தேய்ந்திருக்கிறது. என் கதவில் கீழ் வலது மூலையில் ஒரு கையளவு நீளத்துக்குப் பட்டை துள்ளியது. அந்த ரப்பரை மாற்றிய பிறகுதான் மேல் துளையில் காற்று வலுத்தது. மெழுகுவர்த்திகளையும், 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும் தெளிப்பான் டப்பாக்களையும் அன்றே வேறு அறைக்கு மாற்றிவிட்டேன்.