பென்னாகரம் சாலைத் தேனும் என் நெல்லி ஜாடியும்

சென்ற கார்த்திகையில் ஒகேனக்கல் போய்த் திரும்பும் வழியில், பென்னாகரம் தாண்டி ஒரு சாலையோரக் கடையில் தேன் வாங்கினேன். கிலோ 500 ரூபாய். "காட்டுத் தேன் சார், நாக்குல வச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். வைத்தேன். நல்ல பூ வாசம், கடைசியில் லேசான கசப்பு. ருசிக்கு முழு மதிப்பெண் தரலாம்.

வீட்டுக்கு வந்து தேன் நெல்லி போட்டேன். பெருநெல்லியை ஆவியில் வேகவைத்து, முள்கரண்டியால் குத்தி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, ஜாடியில் போட்டுத் தேனை ஊற்றினேன். ஆறாம் நாள் காலையில் மேலே வெள்ளை நுரை. மூடியைத் திருகியதும் சோடா பாட்டில் மாதிரி 'புஸ்'. அடுக்களை முழுக்கக் கள் வாடை. "வீட்டுக்குள்ளயே கடை போட்டுட்டியா?" என்றார் அம்மா.

காரணம் தண்ணீர்தான். தேனில் ஈஸ்ட் இயல்பாகவே உண்டு. ஈரப்பதம் 18 சதவீதத்துக்குள் இருந்தால் அது சும்மா கிடக்கும்; அதைத் தாண்டினால் தேனைப் புளிக்க வைத்துவிடும். வேண்டுமென்றே தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்க வைத்தால் அதுதான் மீட் என்கிற தேன் மது. இங்கே வீட்டில் மது தயாரிப்பது குற்றம். என்னுடையது வெறும் விபத்து. (அதியமானும் ஔவையும் கள் பகிர்ந்த தகடூர், அதாவது இன்றைய தர்மபுரிப் பக்கத்துத் தேன் இது. நெல்லிக்கனியும் அவர்கள் கதைதான்!)

பாதித் தப்பு என்மேல், நெல்லியை இன்னும் ஒரு நாள் உலர்த்தியிருக்கலாம். ஆனால் தேனும் நீர்த்துத்தான் இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்தால் காற்றுக்குமிழி சட்டென்று மேலே ஓடியது. தோசைக்குத் தொட்டுக்கொள்ள வாங்கலாம். ஊறப்போட வேண்டாம்.