எபேசஸ் வாசலில் விற்கும் ரோமானியக் காசை வாங்காதீர்கள்

துருக்கிக்குச் சுற்றுலா போகிறவர்கள், குறிப்பாக எபேசஸ் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன மாதம் அங்கே 60 யூரோவைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் ஒருவர் கைக்குட்டையைப் பிரித்து இரண்டு வெண்கலக் காசுகளைக் காட்டினார். நிலத்தை உழும்போது கிடைத்ததாம். ஒரு பக்கம் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தலை. மறுபக்கம் ஈட்டியும் கேடயமுமாக இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள். சுற்றிலும் 'குளோரியா எக்ஸர்சிட்டஸ்', அதாவது படையின் புகழ். கி.பி. 330-களில் ஏராளமாக அடித்த காசு. இதைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்ததால், படம் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிட்டேன். படம் சரியாகத்தான் இருக்கும். நிஜக் காசிலிருந்து அச்செடுத்துத்தானே போலியை வார்க்கிறார்கள்!

ஊருக்கு வந்ததும் பழங்காசு சேகரிக்கும் மாமாவிடம் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தவர், இடப்பக்க வீரனின் கேடயத்துக்கு மேல் ஒரு கீறலைக் காட்டினார். இரண்டாவது காசிலும் அதே இடத்தில், அதே நீளத்தில், அதே கீறல். கைமாறிப் புழங்கியதில் விழுந்த கீறல் இரண்டு காசில் ஒன்றுபோல விழவே விழாது. ரோமர்கள் ஒவ்வொரு உலோக வில்லையையும் அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். ஒன்றில் படம் ஓரமாக நகர்ந்திருக்கும், இன்னொன்றில் விளிம்பு வெடித்திருக்கும். என்னுடையவற்றில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடியது, வார்ப்பின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். எடையும் 4 கிராமுக்கு மேல். நிஜக் காசு இரண்டரை கிராம் அளவுக்குத்தான் இருக்கும். அப்புறம் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தேய்த்தார். நூற்றாண்டுக் களிம்பு என்று நான் நினைத்தது பஞ்சில் பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

பணம் போனது போகட்டும். காசு நிஜமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். துருக்கியின் 2863-ஆம் எண் சட்டப்படி தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கடத்தினால் 5 முதல் 12 ஆண்டு சிறை. விற்றவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. இஸ்மிர் விமான நிலையத்தில் அந்த இரண்டு காசையும் பர்ஸில் வைத்துக்கொண்டுதான், பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி, சோதனை வரிசையில் நின்றிருக்கிறேன்.