கவர் தண்ணீருக்கு ஏற்றபடி தொட்டியா, தொட்டிக்கு ஏற்றபடி மீனா?

சென்னை கொளத்தூரில் மாலையில் கட்டிய கடல் அலங்கார மீன் கவர், இரவுப் பேருந்தில் ஏறி விடியற்காலை மதுரை மாட்டுத்தாவணியில் இறங்குகிறது. கட்டியது முதல் வீட்டில் பிரிப்பது வரை கணக்குப் பார்த்தால் 12 மணி நேரத்துக்குக் குறையாது. தூத்துக்குடியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வரும் பெட்டி நான்கைந்து மணி நேரத்தில் மதுரை வந்துவிடும். இரண்டு பெட்டியிலும் இருப்பது ஒரே வகை மஞ்சள்வால் டேம்சலாக இருந்தாலும், இரண்டையும் ஒரே முறையில் தொட்டியில் விடுவது தவறு. புதுத் தண்ணீருக்கு மீனைப் பழக்கும் முறையைத் தீர்மானிப்பது அது கவருக்குள் இருந்த நேரம். பெரிய தொட்டியில் விடுமுன் புது மீனைத் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியில் என்ன செய்வது என்பதைத் தீர்மானிப்பது அது எங்கிருந்து வந்தது, வழியில் யாருடைய தண்ணீரில் இருந்தது என்பது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

சொட்டு முறையும் நேரடி முறையும்

சொட்டு முறை எல்லோருக்கும் தெரிந்தது. மீனையும் கவர் தண்ணீரையும் ஒரு வாளியில் ஊற்றி, தொட்டியிலிருந்து ஏர் டியூப் வழியாக நொடிக்கு இரண்டு முதல் நான்கு சொட்டு விடுவார்கள். தண்ணீர் இரண்டு மடங்கானதும் பாதியை இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடி விடுவார்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். மண்டபத்திலிருந்து வந்த மீனுக்கு இது நல்ல முறைதான். குறுகிய பயணத்தில் கவருக்குள் பெரிதாக எதுவும் சேர்ந்திருக்காது.

இரவெல்லாம் பயணம் செய்த கவரில் நிலைமை வேறு. மீன் மூச்சுவிட விட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். 7-க்கும் கீழே, சில சமயம் 6.5 வரை இறங்கிவிடும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா அந்தப் பி.எச்.சில் பெரும்பாலும் தீங்கில்லாத அம்மோனியமாகவே இருக்கும். மீன் உயிரோடு வந்து சேர்வதே அதனால்தான். கவரைப் பிரித்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது. வாளியில் சொட்டும் 8.2 பி.எச். தண்ணீர் அதை இன்னும் ஏற்றுகிறது. அதே அளவு அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு 6.5-இல் இருந்ததைவிட 8.2-இல் 40, 50 மடங்கு கூடிவிடும். பொறுமையாக ஒரு மணி நேரம் சொட்டுவிடும் அன்பான கைதான், அந்த ஒரு மணி நேரமும் மீனின் செவுளைப் பொசுக்குகிறது. மூச்சு வாங்குகிறதே என்று வாளியில் ஏர் ஸ்டோன் போட்டால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் சீக்கிரம் வெளியேறி, பி.எச். இன்னும் வேகமாக ஏறும். மறுநாள் மீன் தரையோரம் ஒதுங்கி வேகவேகமாக மூச்சுவிட்டுச் செத்தால், "ட்ரான்ஸ்போர்ட் ஸ்ட்ரெஸ்" என்று சொல்லிக்கொள்கிறோம். பல நேரம் காரணம் அந்த வாளிதான்.

நீண்ட பயண மீனுக்கு நேரடி முறையே எங்கள் தேர்வு. ஆனால் அது சும்மா எடுத்துப் போடுவதல்ல. வேலை முழுவதும் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும்.

மொத்த வியாபாரிகளில் பலர் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்புச் செலவை மிச்சப்படுத்தவும் தொட்டிகளின் ஒப்படர்த்தியை (ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி காட்டும் உப்பின் அளவு) 1.017 முதல் 1.020 வரை வைத்திருப்பார்கள். நம் பெரிய தொட்டி 1.025. உப்பு குறைவதை மீன் தாங்கும், திடீரென்று கூடுவதைத் தாங்காது. ஆகவே பெட்டி ஏற்றும் அன்றே, "அண்ணே, தொட்டி ரீடிங் எவ்வளவு? ரிஃப்ராக்டோமீட்டரைப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். 1.018 என்றால் தனிமைத் தொட்டியையும் 1.018-இல் வையுங்கள். 40 லிட்டர் தொட்டிக்கு, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புத் தண்ணீர் 27 லிட்டரோடு ஆர்.ஓ. தண்ணீர் 13 லிட்டர் கலந்தால் அதை ஒட்டி வரும்.

காலையில் பெட்டியை மங்கலான வெளிச்சத்தில் திறந்து, கவரைக் கட்டு அவிழ்க்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். கவரை லேசாகத் திறந்து சிரிஞ்சில் சில சொட்டு எடுத்து ரீடிங் பாருங்கள். 0.002-க்குள் ஒத்துப்போனால், மீனைக் கையிலோ சிறு டப்பாவிலோ பிடித்துத் தொட்டியில் விட்டுவிடலாம். கவர் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. வியாபாரி சொன்னது தவறாக இருந்தால் மீனைப் பழக்க வேண்டாம், தொட்டியை மாற்றுங்கள். 1.020-இல் உள்ள 40 லிட்டரை 1.018-க்குக் கொண்டுவர, 4 லிட்டர் எடுத்துவிட்டு 4 லிட்டர் ஆர்.ஓ. ஊற்றினால் போதும். அதுவரை கவரை மீண்டும் மூடி வையுங்கள். பிறகு நாளுக்கு 0.001, அதிகபட்சம் 0.002 என்று உயர்த்தினால் ஒரு வாரத்துக்குள் 1.025 வந்துவிடும்.

ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். 35 பிபிடி சோதனைக் கரைசலில் சரிபார்த்தால்தான் நமக்கு வேண்டிய இடத்தில் அது சரியாகக் காட்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரையின் போர் தண்ணீர் கடினமானது. வீட்டு ஆர்.ஓ. எந்திரங்களில் சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிடும் வால்வு இருக்கும், அதை மூடிவிட்டுப் பிடியுங்கள். இப்போது பரவலாக விற்கும் "காப்பர் ஆர்.ஓ." எந்திரம் தண்ணீரில் செம்பைச் சேர்க்கிறது. இறால், அனிமோனி உள்ள தொட்டிக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. கடையில் கிடைக்கும் கல்லுப்பைக் கரைத்துக் கடல் தண்ணீர் செய்ய முடியாது. அதில் சோடியம் குளோரைடு இருக்கும், போதிய மக்னீசியமும் கால்சியமும் இருக்காது.

தனிமைத் தொட்டியில்: காப்பரா, தொட்டி மாற்றமா?

வெறும் கண்ணாடித் தொட்டி, பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மின்சாரம் போனால் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப், மேலே மூடி. மணலும் கல்லும் வேண்டாம். சுண்ணாம்புத் தன்மையுள்ள எதுவும், மருந்தாகப் போடும் காப்பரை (செம்பை) உறிஞ்சி, பிறகு எப்போதோ திருப்பிவிடும். (பவளக் கல்லை இங்கே பேசவே வேண்டியதில்லை. கல்பவளமும் கடல்குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. மீனோடு சேர்த்து யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.) ஸ்பாஞ்சைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதோடு இணைந்த ஃபில்டர் தொட்டியில்) போட்டு வைத்திருந்தால் அதில் பாக்டீரியா குடியேறியிருக்கும். புது ஸ்பாஞ்சோடு தொடங்கினால் மூன்றாம் நாளே அம்மோனியா தலைதூக்கும்.

வெள்ளைப்புள்ளி, வெல்வெட் என்ற இரண்டு ஒட்டுண்ணி நோய்களின் கிருமிகளையும் காப்பர் கொல்லும். இரண்டையும் சேர்த்துக் கவனிப்பதுதான் இதன் பெரிய பலம். வெள்ளைப்புள்ளி மீனைக் கொல்ல நாட்கள் எடுக்கும், ஆனால் வெல்வெட் இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். உடம்பில் மெல்லிய பொன்தூள் தூவியது போலத் தெரிவதற்கு முன்பே மீன் வெளிச்சத்தை ஒதுக்கும், பம்ப் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து மூச்சு வாங்கும். மூலம் தெரியாத, கடலில் பிடித்த மீன் என்றால் காப்பரைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

கியூப்ரமைன் என்ற காப்பர் மருந்து என்றால் 40 லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம் கழித்து இன்னொரு 1 மில்லி. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரும். காப்பர் பவர் போன்ற கீலேட் வகைக்கு (செம்பு வேறொரு சேர்மத்தோடு பிணைந்த மருந்து) இலக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். இரண்டின் எண்களையும் குழப்பிக்கொண்டால், ஒன்றில் மீன் சாகும், இன்னொன்றில் ஒட்டுண்ணி பிழைக்கும். கீலேட் வகைக்கு டிஜிட்டல் மீட்டர் அவசியம். நிற அட்டையில் 2-க்கும் 2.5-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மலிவு என்பதால் அதைக் கேட்பவர்கள் உண்டு. ஆய்வகத் தரம் மட்டுமே சரி, உரக்கடைத் துத்தத்தில் என்னென்ன கலந்திருக்கிறதோ. 1 கிராமை 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் மில்லிக்கு 1 மில்லிகிராம் செம்பு கிடைக்கும். 40 லிட்டருக்கு அதில் 8 மில்லி விட்டால் 0.2 வரும். இந்த வகைக்கு 0.15 முதல் 0.2 வரைதான் எல்லை. கடல் தண்ணீரில் இது படிவாகிக் குறைந்துகொண்டே இருக்கும் என்பதால் தினமும் அளந்து ஈடுகட்ட வேண்டும். அந்த இடைவெளி மிகக் குறுகியது. முதன்முறை செய்பவருக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

எந்த வகையானாலும், அளவு எட்டிய நாளிலிருந்து 14 நாள் இடையில் இறங்காமல் வைத்துவிட்டு மீனைக் கிருமியில்லாத புதுத் தொட்டிக்கு மாற்றலாம். அதே தொட்டியில் முடிப்பதென்றால் 30 நாள்.

மதுரை வெயிலில் காப்பருக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. சித்திரை, வைகாசியில் அறை வெப்பம் 35-ஐத் தொடும்போது தொட்டியின் மேல் ஃபேன் வைப்போம். இங்குள்ள வறண்ட காற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்து இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், காப்பர் ஆவியாகாது. 40 லிட்டரில் 4 லிட்டர் போய்விட்டால் 0.5 என்பது 0.55-ஐத் தாண்டும், உப்பும் கூடவே ஏறும். ஆவியானதற்கு ஈடாக வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது மட்டும் புதுத் தண்ணீரில் அதே அளவு காப்பர் சேர்த்து ஊற்றுங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் காப்பர் தொட்டியில் அடிக்கடி நடக்கும் விபத்து. அம்மோனியாவுக்காகப் பிரைம் போன்ற திரவங்களைக் காப்பரோடு சேர்க்கவும் கூடாது. அவை காப்பரின் வடிவத்தை மாற்றி நச்சைக் கூட்டும்.

தொட்டி மாற்ற முறையில் மருந்தே இல்லை. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கித் தரையில் கூடு கட்டி, அதற்குள் பெருகி மறுபடி வெளியே வருவதற்குக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அதற்குள் மீனை வேறு தண்ணீருக்கு மாற்றிவிட்டால், இறங்கியது பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். 1-ஆம் நாள் முதல் தொட்டியில் விட்டு, 4, 7, 10, 13-ஆம் நாட்களில் மாற்ற வேண்டும். 72 மணி நேரத்தை ஒரு தடவையும் தாண்டக் கூடாது. ஒட்டுண்ணி பெரும்பாலும் இருட்டில் இறங்கும் என்பதால் காலையில் மாற்றுங்கள். பயன்படுத்திய தொட்டி, ஏர் ஸ்டோன், வலை எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் கழுவி, மொட்டை மாடி வெயிலில் ஒரு முழு நாள் காய விடுங்கள். இதற்கு மதுரையைவிட வசதியான ஊர் கிடைக்காது.

20 லிட்டர் வாளி போதும் என்ற சிறு மீனுக்கு, நான்கு முறைக்கும் சேர்த்து 80 லிட்டர் தண்ணீர், சுமார் 3 கிலோ கடல் உப்பு ஆகும். இன்னொரு லாபம் உண்டு: 1.018-இல் தொடங்கி ஒவ்வொரு மாற்றத்திலும் 0.002 கூட்டினால், 13-ஆம் நாள் மீன் உங்கள் பெரிய தொட்டியின் அளவுக்கே வந்துவிடும். காப்பர் இல்லாததால் பிரைம் தாராளமாகப் போடலாம். இரண்டாம், நான்காம் தொட்டிகளில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் பிராசிகுவாண்டல் போட்டால் செவுள் புழுவுக்கும் மருந்து கொடுத்ததாகும். அப்போது காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

காப்பர் ஒத்துக்கொள்ளாத மாண்டரின், கிளீனர் ராஸ் மீன்களுக்கு இதுதான் வழி. ஆனால் வெல்வெட்டுக்கு இது உதவாது. கடல் தண்ணீரை ராமேஸ்வரத்திலிருந்து கேனில் கொண்டுவந்து இந்த முறைக்குப் பயன்படுத்துவதும் வீண் வேலை. கிருமியில்லாத தண்ணீர் என்பதுதான் இந்த முறையின் உயிரே.

உப்பைக் குறைத்து 1.009-இல் வைக்கும் முறையைச் சுருக்கமாகவே சொல்லலாம்: மதுரைக்கு இது சரிவராது. 1.011 ஆனாலே ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். ஃபேன் ஓடும் தொட்டியில் ஒரு வாரக் கடைசி ஊருக்குப் போய்வந்தால் அளவு தவறிவிடும். வெல்வெட்டை இது தொடாது. உப்பு குறைவதைத் தாங்கிக்கொள்ளும் வெள்ளைப்புள்ளி வகைகளும் இருக்கின்றன.

வெறும் கண்காணிப்பு எப்போது போதும்?

மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் நேராக உங்கள் கைக்கு வந்தால், மருந்தில்லாமல் நான்கு வாரம் கவனித்தால் போதும். ஆனால் அதே மீன் இடையில் ஒரு கடையில், எல்லாத் தொட்டிக்கும் ஒரே ஃபில்டர் ஓடும் இடத்தில் இரண்டு நாள் இருந்திருந்தால், அதைக் கடலில் பிடித்த மீனாகவே நடத்துங்கள். பிறந்த இடம் அங்கே கணக்கில் வராது.

கோமாளி மீனில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உடம்பில் வெள்ளைக் கோழை படர்ந்து, தோல் உரிந்து, தீனியை விட்டுவிட்டால் அது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. காப்பரும் தொட்டி மாற்றமும் அதைத் தொடாது. தனி வாளியில் 10 லிட்டருக்கு 37 சதவீத ஃபார்மலின் 1.5 மில்லி, பலமான காற்றோட்டத்தோடு 30 முதல் 45 நிமிடம் குளிப்பாட்டி, புதுத் தொட்டிக்கு மாற்றுங்கள். பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மீன் தலை சாய்ந்தால் நேரம் பார்க்காமல் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

தனிமைப்படுத்தாமல் விட்ட ஒரு மீன் வழியாகப் பெரிய தொட்டிக்குள் வெள்ளைப்புள்ளி நுழைந்துவிட்டால், அங்கே காப்பர் போட வழியில்லை. எல்லா மீன்களையும் வெளியே எடுத்துச் சிகிச்சை கொடுத்துக்கொண்டே, பெரிய தொட்டியை மீனில்லாமல் 76 நாள் ஓட்ட வேண்டும்.