சேலத்தில் ஸ்கூபா வகுப்புக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

கடல் இல்லாத சேலத்திலும் இப்போது ஸ்கூபா டைவிங், அதாவது காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நீந்தும் வகுப்பு விற்கிறார்கள். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கண்காட்சியில் கடை போட்டிருந்தார்கள். நீச்சல் குளத்தில் பயிற்சி இங்கே, கடலில் இறங்குவது பாண்டிச்சேரியில், கையில் 'சர்வதேச லைசென்ஸ்', மொத்தம் 9,999 ரூபாய். அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கு இதில் ரொம்ப நாளாக ஆசை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நான் பக்கத்தில் மலேசியாவின் தியோமான் தீவில் இந்தப் படிப்பை முடித்தவன் என்பதால், அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நம் ஊர்ப் பிள்ளைகள் கடலுக்குள் இறங்கிப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை ஆடித் தள்ளுபடி மாதிரி விற்பதைப் பார்த்துத்தான் கோபம் வந்தது. "இன்னைக்குள்ள அட்வான்ஸ் போட்டாத்தான் சார் இந்த ரேட்டு, நாளைக்கு 15,000" என்று சொல்லிக்கொண்டே ஜி-பே அட்டையை முன்னால் நகர்த்தினார் கடையில் இருந்த தம்பி.

முதலில் 'லைசென்ஸ்' கதையைப் பார்ப்போம். ஆசைக்கு ஒரு முறை இறங்கிப் பார்ப்பது வேறு, டைவர் ஆவது வேறு. முன்னதில் இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப் போகக் கூடாது, அதற்கு டைவர் அட்டை கிடையாது. இரண்டாவதுக்கு ஓப்பன் வாட்டர் என்று பெயர். பாடம் படிக்க வேண்டும், குளத்தில் பயிற்சி முடிக்க வேண்டும், கடலில் நான்கு முறை இறங்க வேண்டும். 200 மீட்டர் நீந்திக் காட்டி, 10 நிமிடம் மிதந்தும் காட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் 18 மீட்டர் வரை போகலாம் என்று பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற அமைப்புகள் அட்டை தருகின்றன. இந்தக் கடையின் திட்டத்தில் குளம் ஒரு நாள், கடல் இரண்டு முறை. எந்த அமைப்பின் அட்டை என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். இன்ஸ்ட்ரக்டரின் உறுப்பினர் எண்ணைக் கேட்டால் அது ஹெட் ஆபீஸில் இருக்கிறதாம். அந்த எண் இருந்தால் அவர் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கத் தகுதியுள்ளவர்தானா என்று அமைப்பின் இணையதளத்தில் நாமே பார்த்துவிடலாம். எண்ணைத் தர மறுக்கிற இடத்தில் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அப்படியும் உட்கார்ந்திருந்தோம், பிள்ளைக்கு ஆசை. அடுத்து மருத்துவப் படிவத்தை எடுத்து வைத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங், பையில் இன்ஹேலர் இருக்கும். 'ஆம்' என்று எழுதப் போனவளைத் தடுத்து, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போடுங்க மேடம், சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்றார் தம்பி. அண்ணன் முகம் மாறிவிட்டது. பேனாவை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வர வர விரிந்து இரண்டு மடங்காகும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் பிரச்சினை இல்லை. வீசிங்கில் மூச்சுக்குழல் சுருங்கிக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் நுரையீரல் கிழியலாம். வீசிங் இருப்பவர்கள் டைவ் செய்யவே கூடாது என்றில்லை, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'இல்லை' என்று பொய்யாக எழுதி வாங்கினால், நாளை ஏதாவது ஆகும்போது அந்தக் காகிதம் அவர்களைத்தான் காப்பாற்றும்.

இதற்கு மேல் ஒரு 'இலவசமும்' இருந்தது. சனிக்கிழமை ஒரு டைவ், ஞாயிறு காலை ஒரு டைவ், அன்று ராத்திரியே ஏற்காட்டில் ரிசார்ட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். சிலிண்டரில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான் (தம்பி கடைசி வரை 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்றே சொன்னார்). அதில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆழத்தில் அது உடம்பில் கரைந்து, வெளியே போக மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழியாக மாறி மூட்டுகளையோ நரம்புகளையோ தாக்கும். அதனால்தான் ஒரு டைவ் முடித்தால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏற வேண்டாம் என்கிறார்கள். மலையேறுவதற்கும் அதே கணக்குத்தான். சேலம் டவுன் 300 மீட்டருக்குள் இருப்பதால் பெரிதாகப் பயமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஆரம்பித்தால் கதை வேறு. டைவ் முடித்த அன்றே மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று நோட்டீஸ் அடிக்கிறவருக்கு இந்தப் பாடமே தெரியவில்லை. நம் பிள்ளைக்கு அவர் எதைச் சொல்லிக்கொடுப்பார்?

9,999 என்பதும் சும்மா பேச்சு. படகு, சாமான் வாடகை, ஆன்லைன் பாடம், அட்டைக் கட்டணம் எல்லாம் தனி. மாஸ்க்கும், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸும் அவர்களிடமே வாங்க வேண்டுமாம். கூட்டிப் பார்த்தால் முப்பதாயிரத்தைத் தாண்டியது. கடல் கொந்தளித்து டைவ் ரத்தானாலும் அட்வான்ஸ் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

மறுநாள் பாண்டிச்சேரியில் ஒரு மையத்துக்கு நாங்களே போன் போட்டோம். அங்கே எடுத்தவர் ஒரு பெண் இன்ஸ்ட்ரக்டர். விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே நீச்சல் தெரியுமா, வீசிங் உண்டா என்று கேட்டார். டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க, அதுவரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம் என்றார். கேட்காமலேயே தன் உறுப்பினர் எண்ணையும், எது எதற்கு எவ்வளவு என்கிற விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சரி, இவரை நம்பலாம் என்று அண்ணனுக்கே தோன்றிவிட்டது.

சேலத்திலேயே நெஞ்சக நோய் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி ஊதிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். வடகிழக்குப் பருவமழையில் கடலை நம்ப முடியாது, தை பிறந்ததும் தேதி பார்க்கலாம் என்பது மையத்தின் யோசனை. அன்றைக்குக் கடல் சரியில்லை என்றால் வேறு தேதி, வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் அனுப்பியிருக்கிறார்கள்.