படக் குயில்ட் கிட்: துணி அருமை, செய்முறைத் தாள்தான் போதாது

தங்கை மகளின் முதல் பிறந்தநாளுக்கு என் கையாலேயே ஏதாவது தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆன்லைனில் ஒரு குயில்ட் கிட் வாங்கினேன். குயில்ட் என்றால் இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. விலை 1,650 ரூபாய், அளவு 36க்கு 36 அங்குலம். கடல், கரையில் கலங்கரை விளக்கம், அதை நோக்கி வரும் ஒரு படகு, இரண்டு தென்னை, சூரியன், எல்லாமே துணியை வெட்டி ஒட்டித் தைக்கிற படம். எனக்கு பிளவுஸ், பாவாடை தைக்கத் தெரியும், குயில்ட் தைத்ததில்லை. முதன்முறை தைப்பவர்களுக்கு என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன்.

துணி நிஜமாகவே நல்ல துணி. நெருக்கமான நெசவு, வெட்டிய ஓரம் சீக்கிரம் பிசிறு விடவில்லை, கடலுக்கு மட்டும் நான்கு நீலம் கொடுத்திருக்கிறார்கள். படத்தை வரைந்தவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கும் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஒரு துணிமேல் இன்னொரு துணியை வைத்துத் தைப்பதுதான், உருவங்கள் பெரிதாகவும் தெளிவாகவும் இருப்பதால் தூரத்திலிருந்தே தெரியும். இதிலும் தென்னை ஓலையை மெல்லிசாக இழுக்காமல் அகலமான ஏழு துண்டுகளாக விட்டிருக்கிறார்கள், புதிதாகத் தைக்கும் கைக்கு அது பெரிய உதவி.

சிக்கல் செய்முறைத் தாளில். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்தாளில் உருவத்தை வரைந்து, துணியின் உள்பக்கத்தில் ஒட்டி வெட்டச் சொல்கிறார்கள். உள்பக்கம் ஒட்டுவதால் தாளில் இடப்பக்கம் பார்க்கிற படகு துணியில் வலப்பக்கம் பார்க்கும், அதனால் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் வரைய வேண்டும். இந்த ஒரு வரி தாளில் இல்லை. என் படகு கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போனது, மிச்சத் துணியில் மறுபடி வெட்டினேன். நீங்கள் வாங்கினால் படத்தை ஜன்னல் கண்ணாடியில் பின்பக்கமாக வைத்து வரைந்துகொள்ளுங்கள். ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்த்தால் துண்டு நகர்ந்துவிடும்.

துணியை முதலில் அலசச் சொல்லவும் இல்லை. சுங்குடிச் சேலை துவைக்கும்போது சாயம் விட்ட அனுபவம் எனக்கு இருந்ததால் சந்தேகப்பட்டு, சூரியனுக்கான சிவப்பை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன். சாயம் ஒட்டியது. நான்கு தடவை அலசிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. அப்படியே தைத்திருந்தால் முதல் சலவையிலேயே வானம் முழுக்க ரோஸ் ஆகியிருக்கும், அதுவும் குழந்தைக்குப் போர்த்துகிற துணி.

ஓரங்களுக்கு ஜிக்ஜாக் தையல் போடச் சொல்கிறார்கள். என் வீட்டில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கால் மெஷின். அதனால் எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்துக் கையாலேயே கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிட்ச்) போட்டேன். மூன்று வாரம் ஆனது, ஆனால் மெஷின் தையலைவிட இதுதான் அழகு என்று எனக்குத் தோன்றுகிறது, முக்கியமாக படகின் பாய் ஓரத்தில்.

அப்புறம் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்ப்பது. மேல்துணியை அடுக்குவதற்கு முன்பே இஸ்திரி போட்டுவிடுங்கள், உள்ளே இருப்பது பாலியஸ்டர் பஞ்சு, சூடு பட்டால் அமுங்கிவிடும். சாண் இடைவெளிகூட விடாமல் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போக வேண்டும், ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி சுருண்டு நிற்கும். இதைத் தாளில் படத்தோடு சொல்லியிருக்கிறார்கள், நன்றாகவே புரிந்தது. ஓரப் பட்டியும் அளவாக வெட்டியே வந்தது.

ஆனால் அடித்துணி 38 அங்குலம்தான். பக்கத்துக்கு ஒரு அங்குலம் எப்படிப் போதும்? தைக்கத் தைக்க மேல்துணி நகரும், அடித்துணி பக்கத்துக்கு மூன்று நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு மூலையில் பற்றாமல் போய், போட்ட தையலைப் பிரித்துவிட்டு, கடையில் 44 அங்குல அகல பாப்ளின் ஒன்றேகால் மீட்டர் வாங்கி மாற்றினேன். 1,650 ரூபாய் கொடுத்தவரைத் துணிக்கடைக்கு அனுப்பக் கூடாது, இதை விற்பனையாளருக்கும் எழுதியிருக்கிறேன்.

இவர்களிடமே யானைப் படம் போட்ட கிட் ஒன்று இருக்கிறது. இந்தத் துணிக்காகவே அதையும் வாங்கப் போகிறேன், பாப்ளினை முதலிலேயே வாங்கி அலசி வைத்துக்கொண்டு.