‘டிவோர்ஸ் கிடைச்சிட்டு’ என்ற தாளை இன்னொரு தரம் வாசியுங்கள்

ஆகஸ்ட் முதல் வாரம், கொழும்பில் ஒரு நீதிமன்றப் பதிவறை. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுக்கிறார். உள்ளே நாலாக மடித்த சிங்களத் தாள். 2019இல் கிடைத்த விவாகரத்துத் தீர்ப்பு என்று ஏழு கடலும் கடந்து காவி வந்தது. யாழ்ப்பாணத்தில் தன் சீதனக் காணியை விற்க வேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்டார் என்று அத்தாட்சிப்படுத்திய புதுப் பிரதி எடுக்க வந்து நிற்கிறார்.

உள்ளேயிருந்த உத்தியோகத்தர் வழக்குக் கோவையைத் தேடி எடுத்தார். பழுப்பேறிய அட்டை, குறுக்கே நூல் கட்டு. கடைசிப் பக்கங்களைப் புரட்டினார், திரும்ப ஒருமுறை புரட்டினார், பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். அம்மாவுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற வயதான சட்டத்தரணிக் கிளாக்கர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“பிள்ளை, இது நைசை. அப்சலூட் எடுக்கேல்லையே?”

“மூண்டு மாசம் போனாத் தானா வரும் எண்டு சொன்னவை, ஐயா.”

“ஆர் சொன்னது? கோவையில அதுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.”

அந்த அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அத்தனை வருடம் தான் விவாகரத்தானவர் என்று நம்பி வாழ்ந்தவர், சட்டப்படி இன்றைக்கும் அந்த மனிதரின் மனைவி. வழக்கை நடத்திய சட்டத்தரணி இறந்துவிட்டார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று இத்தனை காலத்தில் யாரும் அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை.

நடப்பு இதுதான். இலங்கையில் விவாகரத்து இரண்டு கட்டமாக வரும். விசாரணை முடிந்து நீதிபதி சொல்வது முதற்கட்டத் தீர்ப்பு. கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எல்லோரும் ‘டிக்ரீ நைசை’ என்பது அதைத்தான். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 604ஆம் பிரிவின்படி, குறைந்தது 3 மாதம் கழியாமல் அது முடிவான தீர்ப்பாகாது. அந்த இடைவெளியில் யாரும் காரணம் காட்டி எதிர்க்காவிட்டால் அடுத்த பிரிவின் கீழ் அது ‘டிக்ரீ அப்சலூட்’, அதாவது முடிவான தீர்ப்பு, ஆக வேண்டும். எழுத்தில் நீதிமன்றத்தின் கடமைதான். ஆனால் வழக்குக் கோவை தானாக எழும்பி நீதிபதியின் மேசைக்குப் போகாது. உங்கள் சட்டத்தரணி மோஷன் (நீதிமன்றத்துக்கான எழுத்து விண்ணப்பம்) போட்டு, வழக்கைக் கூப்பிடுவித்து, கோவையில் அந்த வரியை எழுதுவிக்க வேண்டும். நைசை கிடைத்த அன்றே ஆளுக்கு ஆள் கைகுலுக்கிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

கனடாவில் இருந்து பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. அங்கே விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் 31ஆம் நாள் அது தானாகவே நடைமுறைக்கு வரும். பிறகு கேட்டால் சான்றிதழ் தருவார்கள். அந்தப் பழக்கத்தில் ‘தானா வரும்’ என்று ஒரு சொல் உறவினர் வாயிலிருந்து விழுகிறது, எல்லோரும் நம்பிவிடுகிறோம். கனடாவிலுள்ள ஒழுங்கை நான் மெச்சுகிறேன். அதற்காகப் புதுக்கடைக்கும் அதே ஒழுங்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிழை அங்கே கிடக்கிறது. கொழும்பு நீதிமன்றங்களின் பதிவு சிங்களத்தில். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வழக்காடியிருந்தால் தீர்ப்பு தமிழில் கையில் இருந்திருக்கும். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, எந்த நீதிமன்றத்திலும் தமிழில் வழக்கைத் தொடங்கவும், நடப்பதை விளங்கிக்கொள்ள உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறவும் உரிமை தருகிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. “எங்கட லோயர் பாத்துக்கொள்ளுவார்” என்று விட்டுவிடுகிறோம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்துத் தீர்ப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அன்றைக்கே பெயர்த்திருந்தால், ‘நைசை’ என்ற சொல் அந்த அம்மாவின் கண்ணில் 2019இலேயே பட்டிருக்கும்.

அப்சலூட் ஆகாத தாளால் என்னென்ன நிற்கும்? முதலாவது காணி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நூறு வருடம் கடந்தும் நிற்கிறது. ஆண் தன் முதுசத்தை விற்க மனைவியின் கையெழுத்தைக் கேட்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் திருத்தப்படாமல் இருப்பது மனதை உறுத்துகிறது. கணவன் விட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், அதே சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டுச் சம்மதமின்றி விற்க அனுமதி பெறலாம். அதற்கும் தவணை, அதற்கும் செலவு. இரண்டாவது மறுமணம்: அப்சலூட்டுக்கு முன் செய்தால் அது செல்லாது, இருதார மணக் குற்றமும் சேரும். மூன்றாவது, இடையில் ஒருவர் இறந்தால் மற்றவர் வாழ்க்கைத்துணையாகவே நின்று உரிமை கேட்பார். ஒன்ராறியோவில் மறுமணம் செய்ய விரும்புவோருக்கு நான்காவதும் உண்டு. வெளிநாட்டில் விவாகரத்தானவர் திருமண உரிமப்பத்திரம் எடுக்குமுன் மாகாண அரசின் அனுமதி பெற வேண்டும். அதற்கு ஒன்ராறியோ சட்டத்தரணியின் கருத்துக் கடிதமும், அத்தாட்சிப்படுத்திய தீர்ப்பும், மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். நைசையைக் கொண்டுபோனால் அந்த மேசையோடு முடிந்தது.

இனி வழக்கே போடாதவர்கள். “ரெண்டு பேரும் சம்மதம், ஒரு கிழமையில முடிச்சிட்டு வாறம்” என்று டிக்கெட் போடுகிறவர்களுக்கு மனம் நோகாமல் சொல்ல வழியில்லை: பொதுச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து கிடையாது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே காரணங்களை ஏற்கிறது: பிறன்மனை உறவு, திருமணத்தின் பின் தீய எண்ணத்தோடு கைவிடுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற இயலாமை. பெரும்பாலான வழக்குகள் இரண்டாவதில்தான் ஓடுகின்றன. வீட்டை விட்டுப் போனவர்தான் கைவிட்டவர் என்றில்லை. மற்றவரின் கொடுமை தாங்காமல் வெளியேறினால், வெளியேற வைத்தவரே கைவிட்டவர் என்று வாதாடலாம். ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாக விவாகரத்து என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு வருடப் பிரிவு பற்றி இருக்கிறது, ஆனால் தவறு நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1986இல் உயர்நீதிமன்றம் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் தீர்த்துவிட்டது. சம்மத விவாகரத்து கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கு மட்டும், அதுவும் பதிவாளர் முன்னிலையில். முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம். கொழும்பில் வாழும் யாழ்ப்பாணத் தமிழருக்கும் மலையகத் தமிழருக்கும் அந்த இரண்டு வழியும் இல்லை.

எங்கே போடுவது? வழக்காளி வசிக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றம். தெஹிவளைக்காரர் கல்கிசைக்குப் போக வேண்டும். எல்லை ஓரத்தில் இருப்பவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ‘வசிக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு பேரும் பிரம்டனில் குடியிருந்துகொண்டு வெள்ளவத்தையில் மாமா வீட்டு விலாசத்தைக் காட்டி வழக்குப் போட்டால் அங்கும் சிக்கல், கனடாவிலும் சிக்கல். கனடிய விவாகரத்துச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, வழக்குத் தொடங்குமுன் ஒருவராவது ஒரு வருடம் வழக்குப் போடும் நாட்டில் வழமையாக வசித்திருந்தால் வெளிநாட்டு விவாகரத்தை ஏற்கிறது. இரண்டு பேரும் கனடாவில் என்றால் ஒரு வருடம் பிரிந்திருந்துவிட்டு அங்கேயே முடிப்பதுதான் நேர்வழி. ஒருவர் கொழும்பில், ஒருவர் வெளியே என்றால் கொழும்பு வழக்குக்குப் பொருள் உண்டு. ஆனால் வெளிநாட்டுக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கவே மாதங்கள் போகும். நீங்கள் அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரம்) கொடுத்த ஆள் உங்களுக்காகச் சட்டத்தரணியைப் பிடிக்கலாம், கடதாசி கொடுக்கலாம். கைவிடப்பட்ட கதையைச் சாட்சிக்கூட்டில் ஏறிச் சொல்ல வேண்டியவர் நீங்கள். விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பழைய கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு எல்லாம் அன்றைக்குக் கையில் வேண்டும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்துப் பயணத்தை ஒழுங்கு செய்கிறோம்; ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் நீதிமன்றத்துக்கும் விடுமுறை. பெப்ரவரியில் வந்தவருக்குக் கிடைக்கும் தவணை ஆகஸ்டில் வந்தவருக்குக் கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் விவாகரத்து வேண்டும் என்று எண்ணிக் காத்திருப்பது இன்னொரு பெரிய தவறு, அதில் பெண்களும் பிள்ளைகளும்தான் நசிகிறார்கள். வீட்டுக்குக் காசு தராத கணவன்மேல் தாபரிப்பு வழக்கை நீதவான் நீதிமன்றத்தில் போடலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். திருமணம் நிலைத்திருக்கும்போதே போடலாம். 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளும், வலது குறைந்த பிள்ளைகளும், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களும் அதற்குள் வருவார்கள். கட்டளையை மீறினால் சம்பளத்தில் பிடிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். சம்பளம் கொழும்பில் இருக்கிறவரிடம் இது நன்றாக வேலை செய்கிறது.

அடி, மிரட்டல் என்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம், 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுப்பார், முழுக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். “குடும்பப் பிரச்சினை, வீட்டில் பேசித் தீருங்கோ” என்று திருப்பி அனுப்பினால் 1938க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம். பிள்ளைகளுக்கு 1929.

பிள்ளைகளை ஊருக்குக் கூட்டி வந்து திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வதும், அங்கிருந்து ஓடிவந்து இங்கே காவல் வழக்குப் போடுவதும் நடக்கிறது. இலங்கை 2001இலேயே சர்வதேசப் பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் சமவாயத்தில் சேர்ந்து 10ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கும் மனு கொழும்பில் மேல் நீதிமன்றத்துக்குப் போகும். பிள்ளையின் நலன் எங்கே என்பதை வழமையாக வாழ்ந்த நாட்டின் நீதிமன்றமே தீர்க்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆத்திரத்தில் டிக்கெட் எடுக்குமுன் அங்குள்ள ஒரு சட்டத்தரணியிடம் அரை மணி நேரம் இருங்கள்.

மற்றக் கடதாசி வேலைகள் முன்னைவிட எவ்வளவோ சுகம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்ப் பிரதிகளைப் பிரதேச செயலகங்களில் எடுக்கலாம். வெளிநாட்டுப் பாவனைக்கான அத்தாட்சிக்குப் பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு. மொழிபெயர்ப்பில் பெயரின் எழுத்துக்கூட்டு கடவுச்சீட்டோடு ஒத்திருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். வழக்குக்குக் காசில்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைக் காட்டினால் சட்டத்தரணியை அவர்களே தருவார்கள்.

அந்த அம்மாவிடம் திரும்புவோம். கிளாக்கர் அவரை வாசலடிப் படியில் இருத்தி, வழக்கிலக்கத்தைக் கேட்டு எழுதினார். இறந்த சட்டத்தரணியின் புறோக்சி (வழக்காட அவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) போய்விட்டதால் புதுச் சட்டத்தரணிக்குப் புதுப் புறோக்சியில் கையெழுத்து, பிறகு மோஷன், எதிராளிக்கு அறிவித்தல் வேண்டுமென்றால் அது, கூப்பிடு தவணை, அப்சலூட், அதன் பிறகு அத்தாட்சிப்படுத்திய பிரதி மூன்று. நொத்தாரிசுக்கு ஒன்று, ஒன்ராறியோவுக்கு ஒன்று, கையிருப்புக்கு ஒன்று. கையெழுத்தை இன்றைக்கே போட்டால் மிச்சத்துக்கு அவர் நிற்கத் தேவையில்லை என்றார். அம்மா டிக்கெட்டைப் பார்த்தார்; பதினொரு நாள் இருந்தது. பேனையைக் கேட்டார்.

எழும்பும்போது கிளாக்கர் பிளாஸ்டிக் உறையை வாங்கி, உள்ளே ஒரு வெள்ளைத் துண்டைச் செருகினார். தமிழில், பெரிய எழுத்தில், அவர் கையாலேயே எழுதியது: ‘இது முடிவானது அல்ல.’